தாழ்த்தியும் தீராத கழுத்து வலி

கேள்வி: என் உயரம் 150 செ.மீ. அண்ணனின் சைக்கிளில் இருக்கையை முழுதும் தாழ்த்தியும், கர்னி டிரைவை எட்டுவதற்குள் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கின்றன. ஏன்?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தங்கையே, குற்றம் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஓடும் மேல்குழாயின் நீளத்தில் இருக்கிறது. இருக்கையைத் தாழ்த்தினால் கால் எட்டும், கை எட்டாது. ஜார்ஜ்டவுனில் என் பட்டறைக்கு இதே வலியோடு பலர் வருகிறார்கள்.

சைக்கிளுக்குச் சிறிய சட்டகம் (frame) செய்வது எளிதல்ல. 622 மி.மீ. விளிம்பு விட்டமுள்ள பெரிய சக்கரத்தை வைத்துக்கொண்டு மேல்குழாயைக் குறுக்கினால், திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். அதனால் சில தயாரிப்பாளர்கள் இருக்கையைத் தாங்கும் குழாயை மட்டும் குட்டையாக்கிவிட்டு, மேல்குழாயின் நீளத்தை அப்படியே விடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவே இல்லை. அமெரிக்க சைக்கிள் வடிவமைப்பாளர் ஜார்ஜினா டெர்ரி 1980களிலேயே முன்பக்கம் 24 அங்குலச் சிறு சக்கரம் பொருத்தி வழி காட்டிவிட்டாரே!

புதிது வாங்கினால் சிறிய சக்கரமும், 165 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த நீளமுள்ள கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை) கேளுங்கள். அதுவரை கைப்பிடியைத் தாங்கும் தண்டைக் குட்டையானதாக மாற்றுங்கள். இருக்கையையும் சற்று ஏற்றுங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக வேண்டும்.