டிடிஎஸ் மீட்டர் காட்டாத குரோமியம்

வணக்கமுங்க. சென்னிமலைக்குத் தெற்கே, ஒரத்துப்பாளையம் பக்கம் எங்க தோட்டம். குடிக்கவும் மஞ்சளுக்கும் போர்த் தண்ணிதான். ஆர்.ஓ. மாட்ட வந்தவர் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்து 1,850-ன்னார். மாட்டின பிறகு 90 வருது. இனிக் கவலையே இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டார். தண்ணி நிறமில்லாமத்தான் இருக்கு. ஆனா குரோமியம் இருக்கும்னு அக்கம்பக்கத்துல பேசிக்கிறாங்க. அதை மீட்டர் காட்டுமுங்களா? ஆர்.ஓ. கழிவுத் தண்ணியை மஞ்சளுக்கு விடலாமுங்களா?

- வாசகர், சென்னிமலை

வணக்கமுங்க.

காட்டாது. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருளின் அளவு. ஆனால் அந்த மீட்டர் உப்பைக்கூட நேராக அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு ஐ.எஸ். 10500 என்னும் இந்தியக் குடிநீர்த் தரம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். உங்கள் தண்ணீரில் அதுபோல் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டரில் அதே 1,850தான் நிற்கும்.

குரோமியத்தைத் தேடுவதற்கு முன், மேட்டுப்பக்கம் என்ன பட்டறை இருந்தது என்று பாருங்கள். அது பெரும்பாலும் தோல் பதனிடும் இடத்திலிருந்தும் முலாம் பூசும் பட்டறையிலிருந்தும் வருவது. பருத்திச் சாயப்பட்டறையின் முதல் கழிவு உப்பு. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏறுவதற்காகச் சாயத் தண்ணீரில் லிட்டருக்குப் பல பத்து கிராம் சாதா உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) போடுகிறார்கள். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும். உப்பு அநேகமாக அத்தனையும் கழிவோடு வெளியேறும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு முன்பே நொய்யலில் வந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நிலத்தில் இறங்கிய உப்பு பாறை இடுக்குகளை விட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் தோல் பட்டறைகள் உள்ள பெருந்துறைப் பக்கத்துக் கிணறு என்றால் குரோமியத்தை முதலில் கேட்பேன், உங்கள் பக்கத்துக்குச் சோடியத்தை.

நிறமில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அசோ என்னும் சாய வகை காற்றுப் புகாத சேற்றில் உடையும்போது நிறம் போய்விடும். உடைந்து வரும் அரோமாட்டிக் அமீன்களுக்கு நிறம் கிடையாது, அவற்றில் சில புற்றுநோய் தருபவை. வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனையில் அவற்றைப் பார்ப்பதும் இல்லை.

1,850 முழுவதும் சாயக் கழிவு என்றும் சொல்ல முடியாது. கொங்குப் பாறையிலிருந்தே கால்சியம், மெக்னீசியம், சில இடங்களில் ஃப்ளோரைடும் கரைந்து வரும். அப்படிப்பட்ட தண்ணீரில் சோப்பு நுரைக்காது, காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளை படியும். உங்கள் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைத்து, படிவும் குறைவாக இருந்து, வாயில் கரித்தால் சோடியம் அதிகம் என்று வையுங்கள். இது முதல் ஊகம்தான், சோதனைச் சீட்டுக்கு ஈடாகாது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். சோடியம், கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃப்ளோரைடு எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். சோடியமும் குளோரைடும் ஏறி நைட்ரேட் குறைவாக இருந்தால் சாயப்பட்டறைப் பக்கம் சந்தேகம் வலுக்கும். நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் சாக்கடை, சாணக்குழி, உரம் இவற்றையும் பார்க்க வேண்டும்.

குரோமியத்தைத் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் மாதிரி எடுப்பதில்தான். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, மீட்டர் எண் ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகு, ஆர்.ஓ.வுக்கும் தொட்டிக்கும் முன்னால் பிடியுங்கள். குளிர்பான பாட்டில் வேண்டாம். ஆய்வகம் தரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டிருப்பார்கள், அதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். நச்சு அதிகமான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அமிலமில்லாத வேறு பாட்டில் வேண்டும். அமிலம் பட்டால் அது மூன்று இணைதிறனாக மாறி, இருப்பதே இல்லாததுபோல் தெரியும். ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். சீட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால், கருவி கண்டறியும் குறைந்தபட்ச அளவு என்ன என்று கேளுங்கள். அது 0.1 என்றால் 0.05 வரம்புக்கு அந்தச் சீட்டு பயன்படாது.

உங்கள் ஆர்.ஓ. 1,850-ஐ 90 ஆக்குகிறது, அதாவது 95 சதவீதம் தள்ளுகிறது. இந்த ஒரு வேலைக்கு மீட்டர் நல்ல கருவி. 90 என்பது 200-ஐத் தாண்டினால் மெம்பிரேனைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சுவதால் உப்பும் உலோகமும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவு என்று வைத்தால், கழிவு சுமார் 2,440-ல் இருக்கும். தினம் 20 லிட்டர் பிடித்தால் 60 லிட்டர் கழிவு, அதில் ஏறக்குறைய 146 கிராம் உப்பு. ஒரே பாத்தியில் விட்டால் வருடத்துக்கு 53 கிலோ. கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு வரும்வரை கீரைக்கு விட வேண்டாம்.

ஆனால் மஞ்சளுக்கு ஆர்.ஓ. கழிவைவிடப் பெரிய சுமை போர்த் தண்ணீர்தான். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் நிற்கிற மாதிரி ஒரு தண்ணீர் கட்டினால் 2 லட்சம் லிட்டர். ஒவ்வொரு தடவையும் 370 கிலோ உப்பு மண்ணில் இறங்குகிறது. அது கால்சியம் என்றால் மண் ஓரளவு தாங்கும். சோடியம் என்றால் மண் இறுகி, மழைநீர்கூட உள்ளே இறங்காமல் நின்று களராகும். மஞ்சளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆய்வகத்தில் சோடியம் ஈர்ப்பு விகிதத்தையும் (கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பது) கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். 10-ஐத் தாண்டினால் மண் பரிசோதனை செய்து, அதில் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டு, ஐப்பசி மழையில் உப்பு கீழே இறங்கும்படி வயலில் வடிகால் எடுத்துவிடுங்கள்.