வாசல் பலூனும் ஆடும் பொம்மையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தீபாவளி வியாபாரத்துக்காக காற்று ஊதி ஆட்டும் ஆறு மீட்டர் குழாய்ப் பொம்மையை வாடகைக்கு எடுத்தோம். மற்ற கடை வாசல்களில் துள்ளிக் குதிக்கிறது, எங்களுடையது விறைத்து நிற்கிறதே? (ஈசூன் வாசகர்)

பதில்: முதலில் தலையைப் பாருங்கள். உச்சியிலும் கை நுனிகளிலும் காற்று வெளியேறத் திறப்பு இருக்க வேண்டும். அது சுருண்டோ தைத்தோ அடைபட்டிருந்தால் உள்ளழுத்தம் ஒரே அளவில் நின்று, பொம்மை கம்பமாகிவிடும். ஆட்டமே அழுத்தம் ஏறி இறங்குவதில்தான் இருக்கிறது. குழாய் மடியும் இடத்தில் காற்று தடைபடும். மடிப்புக்குக் கீழே அழுத்தம் கூடியதும் உடல் விருட்டென்று நிமிரும். காற்று தலைவழியே கொட்டியதும் மறுபடி துவளும். அடுத்து எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

துவண்டே கிடந்தால் கோளாறு கீழே இருக்கிறது: ஊதியின் (காற்றடிக்கும் விசிறியின்) வாயில் பிளாஸ்டிக் பையோ இலையோ ஒட்டியிருக்கும், அல்லது மோட்டாருக்கு வலு போதாது. 45 சென்டிமீட்டர் குழாய்க்குச் சுமார் 750 வாட் வேண்டும். இணையத்தில் வாங்கினால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 110 வோல்ட் மோட்டாரை இங்கே சிங்கப்பூரில் செருகினால் கருகிவிடும்.

இந்தப் பொம்மை விளம்பரத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிற்காக டிரினிடாட் கார்னிவல் கலைஞர் பீட்டர் மின்ஷல் கற்பனை செய்ததை, இஸ்ரேலியக் கலைஞர் டோரோன் காசிட்டும் சேர்ந்து உருவாக்கினார். ஆட்டம் அதன் இரத்தத்தில் இருக்கிறது, கெடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: நான்கு மீட்டர் உருண்டை பலூனுக்கு எத்தனை மணல் மூட்டை? (சிராங்கூன் ரோடு கடைக்காரர்)

பதில்: பலூனின் எடையை மறந்துவிட்டுக் காற்றைக் கணக்கிடுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதைச் சுமார் 40 கிலோ விசையுடன் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, அதாவது 160 கிலோ. சுமத்ரா தீவுப் பக்கமிருந்து திடீரென வீசும் 'சுமத்ரா' புயற்காற்று வரும்போது அந்த வேகம் இங்கே புதிதல்ல. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகல்வரை அது வரும்.

வழவழப்பான தரையில் மூட்டை சறுக்கும். ஈரமானால் இன்னும் மோசம். 40 கிலோ விசையைத் தாங்கவே 80 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு மேல்நோக்கி இழுப்பதால் அதற்கும் கூடுதலாக எடை வையுங்கள். நான்கு திசையிலும் கயிறு கட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அந்தக் கணக்கில் பாருங்கள், ஏனென்றால் காற்று ஒரு திசையில்தான் அடிக்கும், சுமை ஒன்றிரண்டு கயிறுகளில்தான் விழும். 160 கிலோ விசையைத் தாங்க நினைக்காதீர்கள். வானம் கறுத்ததும் ஊதியை அணைத்துப் படுக்க வையுங்கள். கடை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையை மறிக்கவே கூடாது.

கேள்வி: காலையில் ஊதி மூடிய பிவிசி பலூன் மதியம் தையலில் வெடித்தது. தரம் மட்டமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: அவசியமில்லை. 27 பாகை வெப்பத்தில் நிரப்பிய காற்று வெயிலில் 50 பாகையானால் அழுத்தம் எட்டு விழுக்காடு கூடும். இறுக்கமாக ஊதிய உறைக்கு அது மிக அதிகம். விரலால் அமுக்கினால் சற்றே குழியும் அளவுக்கு ஊதுங்கள். மழை பெய்து குளிர்ந்தால் தொய்யும், அப்போது மறுபடி நிரப்பி, வெயில் வந்ததும் கொஞ்சம் விடுங்கள். சதா ஊதும் நைலான் பலூனுக்கு இந்தத் தொல்லை இல்லை, தையல் இடுக்குகளில் கசிந்துகொண்டே இருக்கும். ஆனால் ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். காயும்வரை ஓடவிட்டு மடியுங்கள்.

கேள்வி: ஹீலியம் பலூன் உயரத்தில் தெரியுமே, இரண்டு மீட்டர் விட்டம் போதுமா? (ஜூரோங் வாசகர்)

பதில்: போதாது. அதன் தூக்குவிசை சுமார் நான்கு கிலோ. பிவிசி உறையே ஏறத்தாழ மூன்று கிலோ இருக்கும். மீதி ஒரு கிலோதான், இலேசான காற்றுக்கே தரையைத் தொட்டுவிடும். மூன்று மீட்டருக்குப் போங்கள். ஹைட்ரஜன் வேண்டவே வேண்டாம், எரியும். பறக்கவிடும் முன் விமானப் போக்குவரத்து ஆணையத்திடமும், வெளிப்புற விளம்பரத்துக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்திடமும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வளாகமென்றால் நகர மன்றத்திடமும் கேட்டுவிடுங்கள். பலூனுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.