தொட்டில் கட்டிலை விட்டு வரும் குழந்தைக்கு, பல வருடம் உழைக்கும் கட்டிலை எப்படிப் பார்த்து வாங்குவது?

மூன்று வயதுக் குழந்தைக்குச் சின்னக் கட்டில் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில் வேண்டாம், இரண்டு மூன்று வருடத்தில் கால் இடிக்கும். நேராக ஒற்றைக் கட்டிலே வாங்குங்கள். சுமார் 90 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம் இருந்தால் வளர்ந்த பிறகும் படுக்கலாம்.

உறுதி என்பது மரத்தைவிட மூட்டில்தான் இருக்கிறது. குழந்தை கட்டிலில் குதிக்காமல் இருக்காது. ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் இணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். மரத்தூள் பலகையில் நேரடியாக முடுக்கிய திருகு ஒருமுறை பிடிவிட்டால் மறுபடி இறுகாது. போல்ட்டும் நட்டும் போட்டதை எத்தனை முறையும் முடுக்கிக்கொள்ளலாம். கடையில் ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கிரீச்சிட்டால் விட்டுவிடுங்கள். மெத்தையைத் தூக்கி அடிச்சட்டங்களையும் பாருங்கள். இடைவெளி நான்கு விரலுக்கு மேல் போனால் மெத்தை தொய்யும்.

உயரம் குறைவாக இருக்கட்டும். பக்கத் தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் குழந்தை சிக்கும்படி சந்து இருக்கவே கூடாது, இதில் மட்டும் சமரசம் வேண்டாம். அடுக்குக் கட்டில் வாங்கினாலும் ஆறு வயதுக்குள் மேல்தட்டில் படுக்க விடாதீர்கள்.