கடலோரத்தைக் காக்கும் வேலைக்கு என்ன படிப்பது?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. கடலரிப்பு, வெள்ளம், பருவநிலை மாற்றம் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாளே, இதை நம்பி ஒரு பிழைப்பு உண்டா என்பது ஒன்று. உண்டு என்றால் எதில் சேர்ப்பது என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில், உண்டு. 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கேட்க அது சிறிய அளவாக இருக்கலாம். வேகத்தைப் பாருங்கள்: 1971 வரையிலான எழுபது ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர், 2006-2018 காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். ஐ.நா.வின் பருவநிலைக் குழு தரும் கணக்கு இது. புகையை இன்றே நிறுத்தினாலும் சூடேறிய கடல் விரிவதும் பனிப்பாளங்கள் உருகுவதும் உடனே நிற்காது, நூற்றாண்டுகளுக்குத் தொடரும். ஆகவே உங்கள் மகள் ஓய்வுபெறும் வயதிலும் இந்த வேலை மிச்சமிருக்கும். துறைமுகம், நகராட்சி, நீர்வளத் துறை, காப்பீட்டு நிறுவனம், கட்டுமான ஆலோசனை நிறுவனம், பேரிடர் மேலாண்மை என்று ஆள் தேடும் இடங்களும் பலவகை.

இரண்டாவது கேள்விதான் பெரியது. என் கருத்தை நேரடியாகவே சொல்கிறேன். இளநிலைப் பட்டத்தின் பெயரில் ‘பருவநிலை’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்காதீர்கள். சிவில் இன்ஜினியரிங், புவியியல், நிலவியல், இயற்பியல், கணிதம், பொருளியல், சமூகப்பணி என ஏதாவது ஒரு மூலப் பாடத்தில் ஆழமாகக் கால் ஊன்றட்டும். கடலோரம், நீரியல், பருவநிலை என்று குறுக்கிக்கொள்வதை முதுநிலையில் செய்யலாம். வேலைக்கு எடுப்பவர் கேட்பது ‘உனக்கு என்ன அக்கறை’ என்றல்ல, ‘உனக்கு என்ன செய்யத் தெரியும்’ என்றுதான். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் போகும் பட்டம் வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். இன்னொரு வசதியும் உண்டு. நான்கு வருடம் கழித்து அவள் மனம் மாறினாலும், சிவில் படித்தவளுக்கோ புள்ளியியல் படித்தவளுக்கோ வேறு கதவுகள் திறந்தே இருக்கும்.

அந்த ‘செய்யத் தெரிவது’ எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கடல் சுவரை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு உயரம் கட்டுவது? பெருவோதத்தின், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிக அதிகமாக ஏறும் நேரத்தின், மட்டத்தில் தொடங்க வேண்டும். அதன் மேல் புயல் காற்று தள்ளிக்கொண்டு வரும் கூடுதல் நீர். அதன் மேல் அலை சுவரில் ஏறும் உயரம். அப்புறம் இன்னும் ஐம்பது ஆண்டுகளில் கடல்மட்டம் உயரப்போகும் அளவு, சுவரின் பாரத்தில் அடிமண் அமுங்கப்போகும் அளவு. இவை ஒவ்வொன்றும் ஓர் உத்தேசம், ஒவ்வொன்றிலும் பிழைக்கு இடமுண்டு. எல்லாவற்றிலும் உச்ச அளவை எடுத்துக் கூட்டினால் கட்டவே முடியாத செலவில் போய் நிற்கும். எது எதோடு சேர்ந்து வரும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று நிகழ்தகவு போட்டுச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இங்கே மதிப்பு.

சுவர் எழும்பிவிட்டால் கதை முடிவதில்லை. செங்குத்தான சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் காலடி மணலையே அரித்துவிடும். கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவும் அப்படித்தான். கரையோரமாக நகர்ந்து வரும் மணலை அது ஒரு பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபக்கத்துக் கரைக்கு வரவேண்டிய மணல் வராது, அங்கே கடல் உள்ளே வரும். ஓர் ஊரைக் காப்பாற்றி அடுத்த ஊரை அழிக்கும் வேலையாக அது முடிந்துவிடலாம். இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, வேண்டாம் என்று சொல்லும் துணிவு ஒரு பொறியாளருக்கு வேண்டும். நெதர்லாந்தில் 2011இல் வேறு வழியை முயன்றார்கள். ஏறத்தாழ 2.15 கோடி கனமீட்டர் மணலை ஒரே இடத்தில் கரையை ஒட்டிக் கொட்டி, அலையும் காற்றும் நீரோட்டமும் அதை மெல்லமெல்லப் பக்கத்துக் கரைகளுக்குப் பரப்பட்டும் என்று விட்டார்கள். சுவர் கட்டவும் இயற்பியல் வேண்டும், சுவரே இல்லாமல் சமாளிக்கவும் இயற்பியல் வேண்டும்.

கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும் போதாது. ஜகார்த்தாவின் வடபகுதியில் நிலம் தாழ்ந்த வேகம், கடல் உயரும் வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியது அதற்கு முக்கியக் காரணம். டோக்கியோவிலும் அப்படித்தான் தாழ்ந்தது, உறிஞ்சுவதற்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பெருமளவு அடங்கியது. அங்கே கடலோரத்தைக் காத்தவர்களில் நிலத்தடி நீர் வல்லுநரும் சட்டம் எழுதியவரும் உண்டு.

இனி, கணக்கு வராத பிள்ளைகளுக்கு இங்கே இடமில்லையோ என்று நினைக்க வேண்டாம். இந்தத் துறையில் தோற்றுப்போகும் திட்டங்கள் பல, மனிதர்களிடம் கேட்காமல் வரைந்த திட்டங்கள். வரைபடத்தில் ஒரு கோடு போடுகிறோம்: இதுவரை காப்போம், இதற்கப்பால் காக்க இயலாது. அந்தக் கோடு ஒருவரின் வீட்டு வாசலில் போகிறது. அவரிடம் போய் அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது, அவர் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு என்ன பதில்? இது படித்துத் தேற வேண்டிய தொழில், சும்மா நல்ல மனசு இருந்தால் வந்துவிடாது.

நெதர்லாந்தின் ஓவர்டீப்ஸ என்ற தாழ்நிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு பெருகும்போது அந்த நிலத்துக்குள் வெள்ளத்தை விட வேண்டும் என்று அரசு சொன்னது. அங்கிருந்த விவசாயிகள் எதிர்த்து நின்றதோடு விடவில்லை, தாங்களே ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுவந்தார்கள். மண்ணைக் குவித்து மேடுகள் எழுப்பி அவற்றின் மேல் வீட்டையும் தொழுவத்தையும் கட்டிக்கொள்கிறோம், வெள்ளம் வயலில் மட்டும் பரவட்டும் என்றார்கள். அந்தத் திட்டமே நிறைவேறியது. சிலர் விலகி வேறிடம் போனார்கள், சிலர் மேட்டின் மேல் தங்கினார்கள். பொறியாளர்களின் மேசையில் பிறக்காத யோசனை அது. இப்படிப்பட்ட யோசனை வெளியே வரும்படி ஒரு கூட்டத்தை நடத்தத் தெரிந்தவர் வேண்டும்.

ஃபிஜியின் வுனிடோகொலோவா கிராமம் 2014இல் சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே இடம்பெயர்ந்தது. கடல் நீர் வீடுகளுக்குள் வந்துகொண்டே இருந்தது, தடுப்புச் சுவர்கள் நிற்கவில்லை. புதிய இடமும் அவர்களின் பரம்பரை நிலமாகவே இருந்ததால் நிலச் சிக்கல் குறைந்தது. எல்லா ஊருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்காது. நில உரிமை, இழப்பீடு, புதிய இடத்தில் பிழைப்பு என்று சட்டமும் சமூகவியலும் படித்தவர்களுக்கு அங்கே பல ஆண்டு வேலை இருக்கிறது.

வங்கதேசத்தையும் பாருங்கள். 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். அதன் பிறகு 1972இல் புயல் முன்னெச்சரிக்கைத் தொண்டர் அமைப்பு தொடங்கியது. கொடி ஏற்றி, ஒலிபெருக்கி பிடித்து, வீடு வீடாகப் போய் மக்களைக் காப்பிடத்துக்கு அழைத்துவரும் அந்தத் தொண்டர்கள் இன்று 70,000 பேருக்கு மேல். 2020 ஆம்பன் புயலில் அந்நாட்டில் இறந்தவர்களைப் பத்துகளில் எண்ண முடிந்தது. செயற்கைக்கோள், காப்பிடங்கள், கரைகள் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் கடைசி மைலில் கதவைத் தட்டியது ஒரு மனிதர்.

உங்கள் பயங்களுக்கு வருகிறேன். சம்பளம்: ஆலோசனை நிறுவனங்களிலும் காப்பீட்டுத் துறையிலும் பொதுவாகக் கூடுதல். அரசுப் பணியில் நிதானமாக ஏறும், நிலைக்கும். தொண்டு நிறுவனங்களில் மனநிறைவு அதிகம், ஆனால் வேலை பல நேரம் திட்ட நிதி இருக்கும் வரைதான். இதை அவள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வெளி வேலை: கடற்கரை கடற்கரையாக அலைய வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அளவெடுக்கும் காலங்களில் போக வேண்டியிருக்கும், மிதவைச் சட்டை இல்லாமலோ தனியாகவோ தண்ணீரில் இறங்க நல்ல குழு எதுவும் அனுமதிக்காது. மீதி நாட்கள் பெரும்பாலும் கணினியிலும் கூட்டங்களிலும்தான். வெளிநாட்டுப் படிப்பு: நீரியலுக்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம் பேர்போனது, அங்குள்ள ஐ.எச்.இ. என்ற நீர்க்கல்வி நிறுவனம் 1957 முதல் உலகெங்கிலும் இருந்து வருபவர்களுக்கு இதையே கற்றுத்தருகிறது. ஆனால் பட்டம் வாங்கிய கையோடு கடன் வாங்கி அனுப்பாதீர்கள். இரண்டு வருடம் வேலை பார்க்கட்டும். எதைக் கற்கப் போகிறோம் என்று தெரிந்து போவாள், உதவித்தொகைக்கும் அந்த அனுபவம் கைகொடுக்கும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் மகளிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். கோஸ்ட்சாட் என்ற கருவியும் இலவசம், செயற்கைக்கோள் படங்களிலிருந்து கரைக்கோட்டை வரைந்து தரும். 1980களின் நடுவிலிருந்து படங்கள் கிடைக்கின்றன. கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி பழக வேண்டும், விடுமுறை ஒன்றில் முடியக்கூடியதுதான். உலகில் ஏதாவது ஒரு துறைமுகத்தை எடுத்துக்கொண்டு, அதன் அலைதடுப்புச் சுவர் எழும்புவதற்கு முன்னும் பின்னும் இருபுறக் கரைகளும் எங்கே நின்றன என்று பத்து ஆண்டுக்கு ஒரு கோடாக வரையட்டும். பிறகு அந்தக் கடற்கரையில் யார் வாழ்கிறார்கள், கரை குறைந்த பக்கத்தில் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று செய்திகளில் தேடி ஒரு பக்கம் எழுதட்டும்.

முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கோடு ஏன் அங்கே வளைந்தது என்பதில் அவள் மூழ்கிப் போயிருந்தால் சிவில் அல்லது இயற்பியல் பக்கம் பேசுவோம். அந்த ஒரு பக்கம் நான்கு பக்கமாக நீண்டிருந்தால் சமூகப்பணி, சட்டம், மானுடப் புவியியல் பக்கம் பேசுவோம். பாதியில் விட்டுவிட்டால் அதற்காக அவளைத் திட்ட வேண்டாம், எந்த இடத்தில் விட்டாள் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.