கொலைகாரன் யாரென்று முதலிலேயே தெரிந்தால்?

வாசகர் கேள்வி – பதில்

'பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்' என்ற 1968-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்துவிட்டு எழுதும்படி தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களைக் கேட்டிருந்தோம். லெப்டினன்ட் கொலம்போ என்ற துப்பறியும் போலீஸ் அதிகாரியாக பீட்டர் ஃபாக் நடித்த முதல் படம் இது. பிறகு இந்தப் பாத்திரத்தை வைத்துத் தொடரே வந்தது. (இரண்டு கடிதங்களில் 'கொழும்பு' என்று இருந்தது. இலங்கைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.)

பார்க்காதவர்களுக்காகக் கதை: ஃபிளெமிங் ஒரு மனநல மருத்துவர். மனைவியின் கழுத்தை நெரித்துவிட்டு, வீட்டில் திருடன் புகுந்ததுபோல் கண்ணாடியை உடைத்துவைக்கிறார். அவருடைய காதலி ஜோன் ஒரு நடிகை. மனைவியின் உடை, பொன்னிற விக், கறுப்புக் கண்ணாடி சகிதம் அவரோடு விமானம் ஏறி, எல்லோரும் பார்க்கச் சண்டை போட்டுவிட்டு இறங்கிப் போகிறாள். ஃபிளெமிங் தனியாக அகாபுல்கோவுக்குப் பறக்கிறார். மனைவி உயிரோடுதான் வீடு திரும்பினாள் என்பதற்கு விமானத்தில் இருந்தவர்களே சாட்சி. முடிவையும் கீழே பேசியிருக்கிறோம். இன்னும் பார்க்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

*

கொலை செய்தது யார், எப்படி என்று எல்லாவற்றையும் முதலிலேயே காட்டிவிட்டார்கள். அப்புறம் ஒன்றரை மணி நேரம் எதற்கு உட்கார வேண்டும்? – அரூர்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே புகார்தான். 'யார்' என்பதை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டு, 'எப்படி மாட்டுவான்' என்பதில் கதையை ஓட்டுவது தனி வகை. ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலேயே இதைச் செய்துவிட்டார். கொலம்போவை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் பார்வையாளருக்கு வேலை இல்லை என்று நினைப்பதுதான் தவறு. வேலை மாறுகிறது, அவ்வளவுதான். ஊரிலிருந்து திரும்பும் ஃபிளெமிங் கதவைத் திறந்து உள்ளே வரும் காட்சியை மறுபடி பாருங்கள். பயணம் முடிந்து வீட்டுக்கு வரும் கணவன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். இவர் கூப்பிடவில்லை. கொலம்போ பிறகு இதைச் சொல்லிக் காட்டும்போதுதான் நமக்கு உறைக்கிறது. கண்ணெதிரே நடந்தும் ஏன் தவறவிட்டோம்? அவள் பதில் சொல்ல மாட்டாள் என்பது நமக்குத் தெரியும். அதனால் அந்த மௌனம் நமக்கு இயல்பாகப் படுகிறது. கொலைகாரனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருப்பதே நம் கண்ணை மறைக்கிறது. 'யார் கொலைகாரன்' வகைக் கதையில் இந்த வித்தை பலிக்காது.

இந்த வகை கெட்டுப்போவது இரண்டு இடங்களில். கொலைகாரன் தவறு செய்யும் நொடியில் கேமரா அதன்மேல் போய் நின்றால், பார்ப்பவர் அதிகாரியை முந்திவிடுவார். மிச்ச நேரம் கொட்டாவி. நாம் பார்க்காத ஒரு தடயத்தை அதிகாரி கடைசியில் பையிலிருந்து எடுத்தால், அது மோசடி. இந்தப் படம் இரண்டிலும் விழவில்லை. திருட்டுப் போனதாகக் காட்ட எடுத்த பொருள்களை ஃபிளெமிங் பெட்டியில் கொண்டுபோய்க் கடலில் எறிகிறார். அதனால் போகும்போது இருந்த பெட்டி எடை திரும்பும்போது குறைகிறது. அவர் எறிவதை நாமும் பார்த்தோம். எடைக் கணக்குப் போட்டவர் கொலம்போ மட்டும்.

*

கதாநாயகன் அரை மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். இது என்ன நியாயம்? – பாலக்கோடு

கதாநாயகன் ஃபிளெமிங் என்பதால். இந்தக் கதை 1960-இல் ஒரு மணி நேரத் தொலைக்காட்சி நாடகமாக வந்தது. அதில் கொலம்போவாக நடித்தவர் பெர்ட் ஃபிரீட். 1962-இல் மேடை நாடகமாக விரிந்தபோது தாமஸ் மிட்செல். பெரிய நட்சத்திரமான ஜோசப் காட்டன் நடித்தது டாக்டர் வேடத்தில். அழுக்குக் கோட்டுக்காரரான கொலம்போ இடையில் வந்து நாடகத்தைத் தட்டிக்கொண்டு போனது எழுதியவர்களே எதிர்பாராதது. 1968 படத்தில் அந்த மேடை எலும்பு அப்படியே துருத்திக்கொண்டிருக்கிறது: நீளமான காட்சிகள், நாலு சுவருக்குள் பேச்சு. மருத்துவரும் அதிகாரியும் மதுக்கோப்பையோடு உட்கார்ந்து 'பொதுவாக ஒரு கொலைகாரன் எப்படி இருப்பான்' என்று பேசும் காட்சியை இழுவை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எங்களைக் கேட்டால் படத்தின் உச்சமே அதுதான்.

*

ஓட்டை கார், நாய், கலைந்த தலை எதையுமே காணோமே? – கிருஷ்ணகிரி

பெஜோ 403 காரை ஃபாக் தேர்ந்தெடுத்தது 1971-இல், தொடர் தொடங்கியபோது. நாய் வந்தது 1972-இல். 1968-இல் தலைமுடி குட்டையாக, படிய வாரியிருக்கும். குரலும் வேறு. ஜோனிடம் அவர் கத்தும் காட்சியைப் பார்த்துப் பலர் முகம் சுளித்திருந்தீர்கள். பின்னாளில் அவர் அப்படிக் கத்துவது மிக அபூர்வம். பாத்திரம் வெந்துகொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து பார்த்த மாதிரி.

*

இதைப் பைலட் படம் என்கிறார்கள். 1971-இல் வந்த இன்னொன்றையும் பைலட் என்கிறார்கள். எது சரி? – ஓசூர்

புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுவார்கள் அல்லவா? அச்சு தாங்குகிறதா, சக்கரம் திரும்புகிறதா என்று பார்க்க. பைலட் அதுதான். பார்வையாளருக்கு முன்னால், பணம் போடும் தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் காட்டுவது.

1968 படம் தனிப் படமாகவே வந்தது. அது நன்றாகப் போனதும் என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் தொடர் கேட்டது. வாரா வாரம் நடிக்க ஃபாக்குக்கு விருப்பமில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை, வேறு துப்பறியும் தொடர்களோடு மாறி மாறி வரும் ஏற்பாடு அமைந்த பிறகே இறங்கினார். அதற்காக எடுத்த முறையான வெள்ளோட்டம் 1971 மார்ச் 1-இல் ஒளிபரப்பான 'ரான்சம் ஃபார் எ டெட் மேன்'. செப்டம்பர் 15-இல் வந்த முதல் வழக்கமான பகுதியை இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். ஆகவே எழுத்துப்படி பைலட் 1971. ஆனால் பாத்திரத்துக்கு வெள்ளோட்டம் 1968.

வெள்ளோட்டத்திலேயே தேரைத் திருப்பிக் கொட்டகைக்குக் கொண்டுபோனதும் உண்டு. பிபிசியின் 'ஷெர்லாக்' தொடருக்கு ஒரு மணி நேர பைலட் எடுத்து, ஒளிபரப்பாமலே வைத்துவிட்டு, அதே கதையை 90 நிமிடமாக வேறு இயக்குநரை வைத்து மறுபடி எடுத்தார்கள். 2010 ஜூலையில் ஒளிபரப்பானது அந்த இரண்டாவது.

*

கடைசியில் ஜோன் செத்துப்போனதாக நாடகம் போட்டு ஃபிளெமிங்கை மாட்டவைக்கிறார். கோர்ட்டில் இது நிற்குமா? – பென்னாகரம், சட்டம் படிப்பவர்

நீச்சல் குளத்திலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கும் காட்சியைக் காட்டி, ஜோன் தற்கொலை செய்துகொண்டதாக நம்பவைக்கிறார் கொலம்போ. 'அவளை நான் காதலிக்கவே இல்லை' என்கிற ரீதியில் ஃபிளெமிங் பேசுவதை மறைந்திருந்து ஜோன் கேட்கிறாள். சாட்சி சொல்லச் சம்மதிக்கிறாள். கவனியுங்கள்: கொலம்போ தேடியது ஃபிளெமிங்கின் ஒப்புதலை அல்ல, ஒரு அப்ரூவரை; அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறும் உடந்தையாளரை.

கதை நடக்கும் கலிபோர்னியாவில் உடந்தைக் குற்றவாளியின் வாக்குமூலம் மட்டும் போதாது. குற்றவாளியைக் குற்றத்தோடு இணைக்கும் வேறு சான்றும் வேண்டும் என்கிறது அங்குள்ள தண்டனைச் சட்டத்தின் 1111-ஆம் பிரிவு. விமானத்தில் நடந்த ஆள்மாறாட்டமும் பெட்டி எடையும் அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும். பெட்டி எடை மட்டுமென்றால் நல்ல வக்கீல் பத்து நிமிடத்தில் ஊதித் தள்ளிவிடுவார்.

நம் ஊரில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 138-ஆம் பிரிவும் உடந்தையாளர் சாட்சியத்துக்கு ஒத்தாசைச் சான்று வேண்டும் என்றே பேசுகிறது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆகவே ஃபிளெமிங் வாய்விட்டு ஒத்துக்கொண்டிருந்தாலும் இங்கே பயன் குறைவு; ஜோன் கிடைத்ததுதான் பயன். எழுதியவர்கள் அப்ரூவர் வழியைப் பிடித்தது கெட்டிக்காரத்தனம். அந்தப் போலிப் பிணம் மட்டும் எங்களுக்கும் உறுத்துகிறது. மீதிப் படம் முழுக்கச் சின்னச் சின்னத் தடயத்தில் நகர்ந்துவிட்டு, முடிவில் மேடை வித்தைக்குப் போய்விட்டார்கள்.

*

நண்பர்கள் சேர்ந்து இதே பாணியில் இருபது நிமிடப் படம் எடுக்கப் போகிறோம். மாங்காய் மண்டி முதலாளி கொலை செய்து, பிணத்தை லாரி லோடுக்குள் வைத்து அனுப்புகிறார். எடைமேடைச் சீட்டில் மாட்டுகிறார். சரியா? – ஊத்தங்கரை

பெட்டி எடையை லாரி எடையாக்கியது நல்ல யோசனை. ஓட்டைகளை இப்போதே அடைத்துவிடுங்கள்.

எடைமேடை கிராம் சுத்தமாகக் காட்டாது. பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ படியில்தான் ஏறும். 60 கிலோ ஆள் என்றால் சீட்டில் தெரியும். ஆனால் டிரைவர் ஒருமுறை வண்டியிலேயே உட்கார்ந்தும் மறுமுறை இறங்கியும் எடை போட்டால் அதே 60 கிலோ மாறும். முதலாளியின் வக்கீல் இதைத்தான் முதலில் கேட்பார். டீசலும் கணக்கில் வரும்: 50 லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 42 கிலோ. நாள் முழுக்க வெயிலில் நின்ற மாங்காயும் வாடி எடை இழக்கும். டீசலும் மாங்காயும் எடையைக் குறைக்கத்தான் செய்யும் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மண்டியில் போட்ட எடையைவிட மாங்கூழ் ஆலையில் போட்ட எடை கூடியிருக்கட்டும். மழையில் நனையாதவரை, வழியில் எடை கூட இயற்கையான காரணமே இல்லை. ஆள் ஏறியிருக்க வேண்டும், அல்லது ஏற்றியிருக்க வேண்டும். அதற்குப் பிணம் மண்டியில் அல்ல, வழியில் லோடுக்குள் போக வேண்டும். கதையை அந்த அளவுக்கு மாற்றுங்கள். இரண்டு எடையின்போதும் டிரைவர் இறங்கி நிற்பதை ஒரே அகலக் காட்சியில், அழுத்தம் இல்லாமல் காட்டுங்கள். டீசல் வழியில் நிரப்பவில்லை என்பதற்கும் ஒரு வரி வசனம் வேண்டும்.

எடைமேடை வேறு வேறு என்றால் மேடைக்கு மேடை வித்தியாசம் என்ற வாதம் வரும். அதே வண்டியை ஆலையில் காலியாக நிறுத்தி எடுத்த எடையும், மண்டிச் சீட்டில் உள்ள காலி வண்டி எடையும் ஏறத்தாழ ஒத்துப்போவதாக அதிகாரி காட்டிவிட்டால் அந்த வாயும் அடைபடும்.

இருபது நிமிடத்துக்குத் திரைக்கதை சுமார் இருபது பக்கம். கொலையும் ஏமாற்றும் ஆறு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். லாரி ஓடும்போது வசனம் பதிவு செய்யாதீர்கள், இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் தேறாது. நிறுத்திவைத்துப் பேசவையுங்கள். சீட்டைத் திரையில் காட்டுவதானால் மூன்று நொடியாவது நிறுத்துங்கள், எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள். முதல் முறை அது வரும்போது முதலாளி அதைச் சட்டைப் பையில் மடித்துச் செருகட்டும். கேமரா அவர் முகத்தில் இருக்கட்டும்.