மைன்கிராஃப்டில் ஈர்ப்பு எவ்வளவு?

இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேரனோடு மைன்கிராஃப்ட் ஆட உட்கார்ந்தேன்; ‘பிளாக்’ எனும் கனசதுரக் கட்டிகளை வெட்டி அடுக்கி விளையாடும் கணினி ஆட்டம் அது. அவன் மாளிகை கட்டினான். நான் கையில் கடிகாரத்தோடு என் பாத்திரத்தை மலையுச்சியிலிருந்து திரும்பத் திரும்பக் குதிக்கவிட்டேன். விஷயம் பரவியதும் கேள்விகள் வரத் தொடங்கின.

ஐயா, ஆட்டத்திலும் ஈர்ப்பு முடுக்கம் 9.8 தானா? (பதினொன்றாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்)

இல்லை அம்மா, அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆட்டத்தின் கடிகாரம் நொடிக்கு 20 முறை துடிக்கிறது; ஒரு துடிப்புக்கு ‘டிக்’ என்று பெயர். விழுகிறவனின் வேகம் ஒவ்வொரு டிக்கிலும் 0.08 பிளாக் கூடுகிறது. ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். 0.08-ஐ 20-ஆல் இருமுறை பெருக்கிப் பார், 32 வரும்; அதாவது விழும் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 32 மீட்டர் கூடுகிறது. வியாழன் கோளிலேயே 25-க்குச் சற்றுக் குறைவுதான்!

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் சுமார் 54 மீட்டர். அங்கிருந்து ஒரு தேங்காய் விழுந்தால் தரையைத் தொட 3.3 நொடி ஆகும். ஆட்டத்தில் அதே உயரத்திலிருந்து குதிக்கும் பாத்திரம் இரண்டே நொடியில் கீழே இருக்கும். காற்றுத்தடையும் உண்டு: டிக்குக்கு டிக் வேகத்தில் 2 சதவீதம் கழிகிறது. அதனால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் வேகம் நொடிக்கு 78 மீட்டரைத் தாண்டாது.

அவ்வளவு ஈர்ப்பு இருந்தும் அவன் ஒரு பிளாக் உயரம் தாவுகிறானே? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், வடபழனி)

கால்களும் அசுரக் கால்களடா! நொடிக்கு 8.4 மீட்டர் வேகத்தில் எழும்புகிறான். ஒன்றேகால் பிளாக் உயரம் கிடைக்கிறது. அதே 1.25 மீட்டரை நம் 9.8-இல் தாவினால் ஏறி இறங்க முழுதாக ஒரு நொடி ஆகும். ஆட்டத்தில் 0.6 நொடிதான். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு நொடி மிதந்துகொண்டிருந்தால் ஆடுகிறவனுக்குச் சலித்துவிடும். ஈர்ப்பைக் கூட்டி வைத்ததற்கு இதுவே காரணம் என்பது என் ஊகம்.

மரத்தின் அடியை வெட்டினால் மேல்பாதி அந்தரத்தில் நிற்கிறது. கல்லும் அப்படியே. உண்மையில் எத்தனை பிளாக் வரை நிற்கும்? (கட்டடப் பொறியியல் மாணவர், கிண்டி)

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெட்டிய மரத்தை விட்டுவிடுவோம், ஒரு கணம்கூட நிற்காது. கல்லுக்கு வருவோம். சுவரிலிருந்து ஒரு மீட்டர் சதுரக் குறுக்குவெட்டுள்ள கருங்கல் உத்தரம் ஒன்றே துண்டாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த எடையே அதை வளைக்கிறது, மேற்பரப்பு இழுபடுகிறது. கல்லை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். வளைவில் அது ஒரு கோடி பாஸ்கல் (சதுர மீட்டருக்கு ஒரு கோடி நியூட்டன் விசை) வரை தாங்கும் என்று கொண்டால், 11 மீட்டரில் முறிந்துவிடும். ஆட்டத்தின் 32-ஐப் போட்டால் 6 மீட்டர்தான். அதுவும் குறையே இல்லாத கல்லுக்கு. தனித்தனிக் கல்லாகச் சாந்து பூசி ஒட்டியிருந்தால் இதில் சிறு பங்குகூடத் தேறாது.

மயிலாப்பூர்க் கோயில் மண்டபத்தில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கம் என்று யோசித்திருக்கிறீர்களா? அழகுக்காக மட்டுமல்ல. கல் உத்தரத்தை நீளமாக விட்டால் முறியும் என்பது ஸ்தபதிக்குத் தெரியும். மைன்கிராஃப்ட் ஸ்தபதிக்கு அந்தக் கவலையே இல்லை.

மணல் மட்டும் ஏன் விழுகிறது? (ஆறாம் வகுப்பு மாணவன், திருவான்மியூர்)

மணல், சரளை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விழும் விதியை எழுதியிருக்கிறார்கள். ஆனால் விழுந்த மணல் தூண்போல அடுக்கி நிற்கிறது பார், அது பொய். மெரினாவில் காய்ந்த மணலைக் கொட்டிப் பார்: ஏறத்தாழ 34 பாகைச் சரிவுக்கு மேல் நிற்காது.

பை நிறையத் தங்கம் வைத்திருந்தாலும் ஓட முடிகிறதே? (நகைக்கடை ஊழியர், தி.நகர்)

உங்களுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்! ஒரு கன மீட்டர் தங்கம் 19.3 டன். 36 அறைகள், அறைக்கு 64 பிளாக் என்றால் 44,000 டன்னுக்கு மேல். மனிதர்கள் இதுவரை தோண்டி எடுத்த தங்கம் மொத்தமே சுமார் 2 லட்சம் டன். அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு இவன் அதே ஒன்றேகால் பிளாக் தாவுகிறான். எடை கூடினாலும் விழும் வேகம் மாறாது என்று கலிலியோ சொன்னது சரி. எழும்பும் வேகமும் மாறாது என்று அவர் சொல்லவில்லை.

ஒரு பிளாக் ஆழத் தண்ணீரில் விழுந்தால் அடியே படுவதில்லை. நிஜத்தில்? (எட்டாம் வகுப்பு மாணவி, அண்ணா நகர்)

வேண்டவே வேண்டாம். 78 மீட்டர் வேகத்தை ஒரு மீட்டருக்குள் நிறுத்தினால் உடல் எடையைப்போல 300 மடங்குக்கு மேல் விசை தாக்கும். எலும்பு மிஞ்சாது.

இந்த ஆட்டத்தால் மகனின் மதிப்பெண் கூடுமா? (ஒரு தாய், தாம்பரம்)

கூடாது. ஆனால் எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் வந்தால் வரட்டுமே.

ஈர்ப்பை நானே அளந்து, 9.8 ஆக மாற்றவும் முடியுமா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், நுங்கம்பாக்கம்)

பொருத்தமான இடத்திலிருந்து கேட்கிறாய். உன் பேட்டையில் இருந்த சென்னை வானியல் ஆய்வகத்தில்தான் 1821-இல் ஜான் கோல்டிங்காம் ஊசல் ஆட்டி இதே அளவீட்டைச் செய்தார். நம் ஊரில் அது 9.78. உனக்கு ஊசல் வேண்டாம். திரையைப் பதிவு செய், 10 பிளாக் உயரத்திலிருந்து குதி, பதிவை ஒவ்வொரு படச்சட்டமாக (ஃபிரேம்) நகர்த்தி எண்ணு. குறைந்த உயரம் என்பதால் காற்றுத்தடை அதிகம் குழப்பாது.

மாற்றுவதும் எளிது. 2024-இல் வந்த 1.20.5 ஜாவா பதிப்பிலிருந்து பாத்திரத்தின் ஈர்ப்பைக் கட்டளை மூலம் மாற்றலாம். 0.08-க்குப் பதில் 0.0245 கொடு, 9.8 கிடைக்கும். ஆனால் தாவும் வேகம் பழையபடியே இருப்பதால் 3 பிளாக்குக்கு மேல் எழும்புவாய். முதலில் கூரையில்லாத இடத்தில் நின்றுகொள்.