சூரியன் இழுத்தும் நிலவு ஏன் போகவில்லை?

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை. நிலவைப் பூமியைவிடச் சூரியன் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கிறது என்று ஒரு மாணவன் கணக்குப் போட்டுக் காட்டினான். பிறகு எப்படி நிலவு நம்மிடமே இருக்கிறது? ஒரு கோள் எவ்வளவு தூரம் வரை துணைக்கோளைப் பிடித்துவைக்கும் என்று கரும்பலகையில் காட்ட வழி உண்டா?

பதில்: அவன் கணக்கு சரி. வகுப்பிலேயே பாராட்டுங்கள். இரண்டு இழுப்பும் சமமாகும் இடம் பூமியிலிருந்து சுமார் 2.6 லட்சம் கி.மீ.யிலேயே வந்துவிடுகிறது, நிலவு இருப்பதோ 3.84 லட்சம் கி.மீ.யில். ஆனால் எல்லைக்கோட்டை அங்கே போடக் கூடாது. சூரியன் பூமியையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் தன் பக்கம் திருப்புகிறது. இரண்டும் சேர்ந்தேதான் அதைச் சுற்றுகின்றன. அவற்றைப் பிரிக்கப் பார்ப்பது இரண்டின் மீதும் உள்ள இழுப்பின் வித்தியாசம் மட்டுமே. நிலவின் தூரத்தில் அது பூமியின் பிடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான்.

தள்ளிப்போகப் போகப் பூமியின் பிடி தளரும், அந்த வித்தியாசம் வளரும். பிடி தோற்கும் எல்லைக்கு ஹில் கோளம் என்று பெயர். 1878இல் நிலவின் இயக்கம் பற்றி எழுதிய அமெரிக்க வானியலர் ஜார்ஜ் வில்லியம் ஹில்லின் பெயர் அது.

இனி கரும்பலகை. சூரியனின் நிறை பூமியைப் போல் சுமார் 3,33,000 மடங்கு. 3ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10 லட்சம். அதன் கனமூலம் 100. சூரியனுக்கும் நமக்கும் உள்ள 15 கோடி கி.மீ.யை 100ஆல் வகுத்தால் 15 லட்சம் கி.மீ. அதுதான் பூமியின் எல்லை. கால்குலேட்டரே வேண்டாம்! சூரியனை ஆராயும் இந்திய விண்கலம் ஆதித்யா-எல்1 சூரியன் பக்கம் இருப்பதும் ஏறக்குறைய இதே தூரத்தில்தான். அந்த 3 எங்கிருந்து வந்தது என்று அந்த மாணவன் நிச்சயம் கேட்பான்: இழுப்பு வித்தியாசத்துக்கு 2, சூரியனைச் சுற்றுவதால் வரும் மையவிலக்குக்கு 1.

எல்லைக்குள் இருந்தாலே போதும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோள் சூரியனைச் சுற்றும் திசையிலேயே சுற்றும் துணைக்கோள் நெடுங்காலம் நிலைக்க, அந்தத் தூரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இன்னும் வெளியேகூடத் தாக்குப்பிடிக்கும். நம் நிலவு கால் பங்கில் இருக்கிறது.

வீட்டுப்பாடமாக வியாழனையும் நெப்டியூனையும் கொடுங்கள். எல்லோரும் வியாழனின் எல்லைதான் பெரிது என்பார்கள். வியாழனுக்கு வருவது சுமார் 5.3 கோடி கி.மீ., நெப்டியூனுக்கு 11.6 கோடி. நெப்டியூனின் நிறை வியாழனில் பதினெட்டில் ஒரு பங்குதான். ஆனால் சூரியனிலிருந்து கிட்டத்தட்ட ஆறு மடங்கு தள்ளி இருக்கிறது. கனமூலம் எடுக்கும்போது நிறையின் வித்தியாசம் சுருங்கிவிடும், தூரம் சுருங்காது.